சொல்லுக்குச் சொல்

1944 மார்ச் 3, வெள்ளி

மூக்குக்கண்ணாடியின் வலது கால் ஒடிந்துவிட்டது. நூல் சுற்றிக் கட்டியிருக்கிறேன். குனிந்தால் மூக்கில் இறங்குகிறது, நிமிர்ந்தால் காதில் குத்துகிறது. சரிசெய்ய மதுரைக்குப் போக வேண்டும். லீவு கேட்டேன். "இந்த நேரத்துலயா ஓய்?" என்றார் ஹெட் கிளார்க். அவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். நாற்காலி காலியாகும் சமயத்தில் ஊரில் இல்லாமல் போய்விடாதே என்று பொருள். சூரங்குளம் கோர்ட்டில் பத்தொன்பது வருஷம் மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவாக உட்கார்ந்திருப்பவனுக்கு இதை ஜாடையாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் பி.ஏ.வில் முதல் வகுப்பு. தங்க மெடல் இரண்டு மார்க்கில் தேவசகாயத்துக்குப் போயிற்று. அவன் தகப்பனார் அதே காலேஜில் வாத்தியார். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவன் இதே கோர்ட்டில் வக்கீல். நான் அவன் கட்சிக்காரர்களின் அழுகையை இங்கிலீஷில் எழுதுகிறவன்.

மாஜிஸ்டிரேட் பெள்ளியப்பா குடகுக்காரர், வந்து ஆறு மாதம் ஆகிறது. தண்ணீர் கேட்கிற அளவுக்குத் தமிழ் தெரியும். இந்தத் தாலுகாவில் பிறந்த எந்தச் சொல்லும் என் வாய் வழியாகத்தான் அவர் காதுக்குப் போக வேண்டும்.

கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். உலகம்மாள் வெளியிலிருந்து குரல் கொடுத்தாள்: "மாமா, மண்ணெண்ண இன்னைக்கும் இல்லையாம். அடுத்த வாரந்தான் குடுப்பாவளாம்." சரி என்றேன். அதற்கும் நான்தான் பொறுப்பு என்பது போல இருந்தது குரல்.

மார்ச் 6, திங்கள்

சப் இன்ஸ்பெக்டர் கொண்டல்சாமி மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி என் காகிதக் கட்டின் மேலேயே வைத்தார்.

"என்ன டிக்ஷனரி சார், சௌக்கியமா?"

ஊரில் எனக்கு இந்தப் பெயர் உண்டு. யார் வைத்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கீழப்பருத்தியூரில் மாடக்கண்ணு என்று ஒரு சிப்பாய். லீவில் வந்தவன் ஐந்து மாதமாகப் பட்டாளத்துக்குத் திரும்பவில்லை. போன வாரம் இரண்டு கான்ஸ்டபிள்கள் காய்ந்த பருத்திமாரைக் குவித்த படப்புக்குள் கம்பை விட்டுக் குத்தி அவனை வெளியே இழுத்தார்கள். ரெஜிமெண்டுக்கு ரயிலேற்றியாயிற்று. அவனுக்குச் சோறு போட்டு ஒளித்துவைத்த பெண் குருவம்மா. அவள் மேல்தான் கேஸ். நாளைக்கு விசாரணை.

"ஓடிவந்தவனப் புடிச்சதுக்கு வெகுமதி அந்த ரெண்டு பி.சி.க்கும் போயிருச்சு சார். ஒளிச்சு வச்ச ஆளுக்குத் தண்டனை வாங்கிக் குடுத்தாத்தான் எனக்கு. எஸ்.பி. சர்க்குலர் அப்படி. கேஸ் போட்டாப் பத்தாது. தண்டனை விழணும்."

"மனைவி கணவனை ஒளித்துவைத்தால் குற்றமில்லை. சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது" என்றேன்.

"அது தெரிஞ்சுதான சார் உங்ககிட்ட வந்தேன்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பட்டாளத்து ரோல்ல அவன் கல்யாணம் ஆகாதவன்னு இருக்கு. சேர்ந்தப்ப ஆகல, முந்துன லீவுல வந்து கட்டிக்கிட்டானோ என்னவோ. அத நான் எதுக்கு எடுத்துக் குடுக்கணும்? கிராம முன்சீப்பும் வாயத் தொறக்க மாட்டாரு. அவ அவளா என்ன சொல்லுறாளோ, அத நீங்க சொல்லுக்குச் சொல் சொன்னாப் போதும். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

இதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. சொல்லுக்குச் சொல் என்பது என் வேலையின் விதி. அவர் வந்து சொல்ல வேண்டியதே இல்லை.

போகும்போது, "ஹெட் கிளார்க் சீட்டு விஷயமா டி.எஸ்.பி. கலெக்டர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை போடுவாரு. ஆமா, வீட்ல மண்ணெண்ணெய்க்கு என்ன பண்ணுறீங்க?" என்றார்.

மார்ச் 7, செவ்வாய்

விசாரணை அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

குருவம்மாவுக்கு இருபது வயதிருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. ஜாமீனுக்கு ஆள் இல்லை, வக்கீலும் இல்லை. கூண்டுக் கம்பியைக் குழந்தை நக்கிக்கொண்டே இருந்தது. நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

"ஆயிருச்சுங்கய்யா."

புருஷன் பெயர் என்ன?

சிரித்தாள். பிறகு மாஜிஸ்டிரேட் துரையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "பேரெல்லாம் சொல்லக் கூடாதுங்கய்யா."

மாடக்கண்ணு என்கிற சிப்பாயை வீட்டில் வைத்திருந்தாயா?

"ஆமாங்கய்யா. சோறு போட்டேன். படப்புல எடம் பண்ணிக் குடுத்ததும் நாந்தேன். காச்சல்ல கெடந்தாக."

அவன் உனக்கு என்ன வேண்டும்?

"எங்க மாமனுங்கய்யா."

நான் இங்கிலீஷில் சொன்னவை: திருமணமானவள். கணவன் பெயரைச் சொல்ல மறுக்கிறாள். சிப்பாய்க்கு உணவும் மறைவிடமும் தந்ததை ஒப்புக்கொள்கிறாள். அவன் தன் மாமன், அதாவது அங்கிள், என்கிறாள்.

ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. பெள்ளியப்பா தலையாட்டினார். "எங்கள் பக்கத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான், அதே பொருள்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே எழுதினார். அவரே சொல்லும்போது நான் என்ன சொல்வது? தீர்ப்புக்கு இருபத்து நான்காம் தேதி. அதுவரை சப் ஜெயில்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. கிணற்றுக் கயிறு இற்றுப்போயிருந்தது, மாற்றினேன். பிறகு பழைய கயிறே மேல் என்று தோன்றி அதையே மறுபடி கட்டினேன்.

மார்ச் 8, புதன்

ஒரு டின் மண்ணெண்ணெய் வந்தது. கான்ஸ்டபிள் பின்வாசலில் வைத்துவிட்டுப் போனான். ரேஷனில் வந்ததும் அதே அளவு திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்த வெகுமதிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மார்ச் 9, வியாழன்

பெயர் வைத்த கதை. எழுதிவிட்டால் மனசு அடங்கும் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வரப்புத் தகராறு. சாட்சி சொன்னான்: "அவன் வீட்ல நாங்க கை நனைக்க மாட்டோம்." ஒரே நாளில் ஒன்பது சாட்சிகள், ஒன்பதாவது ஆள் இவன். அவசரத்தில், அவன் வீட்டில் கை கழுவ மாட்டோம் என்று மொழிபெயர்த்துவிட்டேன். கை நனைப்பது என்றால் சாப்பிடுவது என்று எனக்குத் தெரியாதா? தேவசகாயம் எழுந்து நின்றான். "கனம் கோர்ட்டார் அவர்களே, சாட்சி சோப்பைப் பற்றிப் பேசவில்லை, சோற்றைப் பற்றிப் பேசுகிறார். எங்கள் நண்பர் டிக்ஷனரியைப் பார்த்துவிட்டார்" என்றான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. டவாலி போட்ட சேவகன்கூடச் சிரித்தான்.

அடுத்த மாதமே நான் ஒரு சொல்லை விளக்கிச் சொன்னேன். அப்போதிருந்த மாஜிஸ்டிரேட், "நீ வக்கீலா, மொழிபெயர்ப்பவனா?" என்று கேட்டுவிட்டு எழுத்து மூலமாகவே உத்தரவு போட்டார்: சாட்சியின் சொல்லைச் சொல்லுக்குச் சொல் தர வேண்டும், விளக்கம் கூடாது. அந்த உத்தரவு இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் அதை எடுத்துப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

மனசு அடங்கவில்லை.

மார்ச் 10, வெள்ளி

உலகம்மாளுக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. சப் ஜெயில் வார்டரின் மனைவி எங்கள் தெருக் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறாள். சோறு போடும்போது கேட்டாள்.

"மாமா, அந்தப் பிள்ள கோர்ட்டுல மாமன்னு சொன்னுச்சாமே. நீங்க என்னன்னு எழுதுனிய?"

"அங்கிள் என்று."

"அப்பிடின்னா?"

"அம்மாவுடன் பிறந்தவன்."

கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே வைத்துவிட்டாள். "நீங்க எங்க அம்மகூடப் பொறந்தவியதான?"

"அதனால்?"

"அதனால ஒண்ணுமில்ல. பதினாறு வருசமா நான் ஒங்களுக்குப் பொண்டாட்டியா, மருமவளான்னு கேட்டேன்."

அக்காள் மகளைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அதை வைத்து இந்தியன் பீனல் கோடை வியாக்கியானம் செய்ய முடியாது. அப்படியே சொன்னேன். அவள் ரசம் ஊற்றவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

சோறு ஆகிவிட்டது என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்.

டின் அதே இடத்தில் இருக்கிறது. விளக்குக்குக் கடலையெண்ணெய் ஊற்றியிருக்கிறாள். வீடு முழுக்கப் பலகாரக் கடை வாசனை.

மார்ச் 13, திங்கள்

அரிசி குறைகிறது. ரேஷனில் வாங்குகிற அரிசி எனக்குத் தெரியாமல் குறையுமா? கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். கோர்ட்டில் வார்டரே வந்து சொன்னான்: "அம்மா தெனமும் கஞ்சி கொண்டாறாங்க சார். நல்ல மனசு. பிள்ளைக்குப் பால் பத்தலைன்னு வெந்தயம் போட்டுக் காய்ச்சிக் கொண்டாறாங்க."

என் மனைவி, நான் மொழிபெயர்க்கிற கேஸில் குற்றவாளிக்குக் கஞ்சி சுமக்கிறாள். இது பெள்ளியப்பா காதுக்குப் போனால் என்ன ஆகும்? கொண்டல்சாமி காதுக்குப் போனால்?

வீட்டுக்கு வந்து கத்தினேன். அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "கத்தி முடிச்சாச்சுன்னா குளிக்க வெந்நி இருக்கு" என்று முறத்திடம் சொன்னாள்.

மார்ச் 15, புதன்

நினைத்தது நடந்தது. தேவசகாயம் வக்காலத்து போட்டுவிட்டான். காசு வாங்காமல். மனுவில், "மாமன்" என்ற சொல் இந்தப் பகுதியில் கணவனைக் குறிக்கும், குற்றம் சாட்டப்பட்டவளை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறான். வழக்கமாக மனுக்களைத் தமிழிலிருந்து இங்கிலீஷாக்குகிறவன் நான். இந்த மனு இங்கிலீஷிலேயே இருந்தது. இதுவும் குத்தல்தான்.

வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டான்.

"என்னவே தாணு, பேச மாட்டேரா?"

"கேஸ் விசாரணையில் இருக்கிறது."

"கேஸ் கெடக்கட்டும்வே. அந்தப் பிள்ளைக்கு மாமன்னா யாருன்னு ஒமக்குத் தெரியாதா? நீரே வாய்ப் பிசகுன்னு சொல்லிட்டா நான் எந்திரிக்கவே வேண்டாம். ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும். நான் எந்திரிச்சா ஒமக்கு நல்லாருக்காது."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் இதே மாதிரி ஒரு நிமிஷம் முன்கூட்டி வந்து காதில் சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லவில்லை. இப்போது மட்டும் என் கௌரவத்தின் மேல் அக்கறை.

"நான் சொன்னதில் பிசகு இல்லை" என்றேன்.

"ஒமக்கு எம்மேல உள்ள கோவத்துக்கு அவ எதுக்குவே உள்ள இருக்கணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. கண்ணாடி வேறு இறங்கிவிட்டது. நூலை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 16, வியாழன்

பெள்ளியப்பா அறைக்குக் கூப்பிட்டார். மனு மேஜையில் இருந்தது.

"மிஸ்டர் தாணுமாலயன், உமக்குச் சந்தேகம் எதுவும் உண்டா?"

என் அகராதியைக் கொண்டுபோய் விரித்துக் காட்டினேன். மாமன்: தாயுடன் பிறந்தவன், மாமனார், இன்னும் இரண்டு. கணவன் அதில் இல்லை. ஒரு தரம் படித்தார்.

"நல்லது. ஆனாலும் இருபத்து நான்காம் தேதி அவளையே மறுபடி கேட்டுவிடலாம். கணவன் பெயர் என்ன என்று. சிப்பாயின் பெயரைச் சொன்னாளானால் வீட்டுக்குப் போகட்டும். அவ்வளவு சுலபம்."

அவ்வளவு சுலபம்.

அறையை விட்டு வரும்போதே கொண்டல்சாமி வராந்தாவில் சிரித்துக்கொண்டு நின்றார். "ரொம்ப நல்லதாப் போச்சு சார். செத்தாலும் பேரச் சொல்ல மாட்டா அவ. நான் இந்தக் கரிசக்காட்டுலதான பொறந்தேன்."

பெயர் கேட்பது துரையின் யோசனை. என் யோசனை இல்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

மார்ச் 18, சனி

ஜப்பான்காரன் மணிப்பூர்ப் பக்கம் மலை இறங்கி வருகிறானாம். பேப்பரில் இருந்தது. மாடக்கண்ணுவின் ரெஜிமெண்டு அந்தப் பக்கம்தான் போகிறது என்று கொண்டல்சாமியின் ரைட்டர் சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

ரேஷனில் மண்ணெண்ணெய் வந்தது. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று வாங்கினேன். ஒரு பாட்டில்தான். டின் நிரம்ப இன்னும் எத்தனை மாதம் ஆகுமோ.

மார்ச் 19, ஞாயிறு

குழந்தைக்கு ஜுரமாம். வார்டர் மனைவி வாசலில் நின்று உலகம்மாளிடம் சொன்னது கதவு சாத்தியிருந்தும் கேட்டது. உலகம்மாள் சுக்கு தட்டுகிற சத்தம் அடுப்படியில் விடாமல் கேட்டது. எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. அதற்கும் அன்றைக்குச் சுக்குதான் தட்டினாள். அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 22, புதன்

பன்னிரண்டு நாளாக அவள் என்னைக் கூப்பிடவில்லை. எண்ணிக்கொண்டிருக்கவில்லை. நாட்குறிப்பைப் புரட்டும்போது கண்ணில் பட்டது.

மார்ச் 23, வியாழன்

கண்ணாடிக்கால் மறுபடி கழன்றுவிட்டது. நூல் கேட்டேன். தையல் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 24, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதப் போகிறேன்.

கோர்ட்டில் கூட்டம். கீழப்பருத்தியூரிலிருந்து பத்துப் பேர் வந்திருந்தார்கள். சுவரோரமாக நின்றார்கள். கொண்டல்சாமி சலவை உடுப்பில் முன்வரிசையில். தேவசகாயம் மேஜையில். குருவம்மா கூண்டில். குழந்தை தோளில் தூங்கியது. ஜுரம் விட்டிருக்க வேண்டும், நெற்றியில் வேர்வை.

பெள்ளியப்பா நிதானமாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்: "உன் கணவன் பெயரைச் சொல். சொன்னால் நீ போகலாம்."

அவள் தலையை ஆட்டினாள்.

"உனக்கு விளங்குகிறதா? சொல்லாவிட்டால் தண்டனை கிடைக்கும்."

"வெளங்குதுங்கய்யா. அவுக சண்டைக்குப் போயிருக்காக. குண்டு விழுற எடம்னு சொல்லுறாக. இந்நேரத்துல போயி நான் பேரச் சொல்லி அவுக ஆயுசக் கொறைக்கவா? ஆறு மாசமோ ஒரு வருசமோ, நான் உள்ளயே இருந்துக்கிறேன்."

சொல்லுக்குச் சொல் கொடுத்தேன். ஆயுசு என்பது வந்தபோது மட்டும் என் இங்கிலீஷ் ஒரு கணம் நின்றது. பெள்ளியப்பா பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் அவள் கணவன் வேறு ஒரு சிப்பாயா?" என்றார். அவருக்கு விளங்கவில்லை. நான் இரண்டு வரி விளக்கியிருந்தால் விளங்கியிருக்கும். விளக்கம் கூடாது என்று உத்தரவு.

தேவசகாயம் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்திருக்கப் போகிறான். என் முதுகில் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சிரிப்பு ஊர்ந்தது.

அதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள். துரையை அல்ல, என்னை.

"ஐயா, எனக்குக் கஞ்சி கொண்டாந்த அம்மா உங்க வீட்டு அம்மாதான? அவுக உங்கள என்னன்னு கூப்புடுவாக? அதத் தொரைகிட்ட சொல்லுங்க. நானும் அப்பிடித்தேன் கூப்புடுறேன்."



"என்ன சொல்கிறாள்?" என்றார் பெள்ளியப்பா.

சாட்சியின் சொல் எதுவானாலும் தர வேண்டும். தந்தேன். "கனம் கோர்ட்டார் அவர்களே, எனக்கு உணவு கொண்டுவந்த பெண் இந்த மொழிபெயர்ப்பாளரின் மனைவி. அவள் இவரை எப்படி அழைப்பாள் என்று இவர் சொல்லட்டும், நானும் அப்படித்தான் அழைக்கிறேன், என்கிறாள்."

பெள்ளியப்பா என்னைப் பார்த்தார். "சரி. எப்படி அழைப்பார்கள்?"

எனக்கு ஒரு வழி தெரிந்தது. பொய் இல்லாத வழி. பதினான்கு நாளாக அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அது உண்மை. அதைச் சொன்னால் போதும், சத்தியமும் கெடாது.

"தற்போது எதுவும் சொல்லி அழைப்பதில்லை, சார்" என்றேன்.

தற்போது. அந்தச் சொல் தேவையே இல்லை. யாரும் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கூட்டாமல் குறைக்காமல் பழகிய வாய், அதையும் சேர்த்தே கொடுத்துவிட்டது.

பெள்ளியப்பா முன்னால் குனிந்தார். "தற்போது என்றால்? இதற்கு முன்?"

கொண்டல்சாமியைப் பார்த்தேன். தலையை லேசாக, இல்லை என்பது போல ஆட்டினார். குழந்தை விழித்துக்கொண்டு கூண்டுக் கம்பியை எட்டியது.

"மாமா என்று, சார்."

"அங்கிள்?"

"ஆம், சார். நான் அவளுடைய தாயாரின் தம்பி."

"அவர் உமக்கு மனைவியா, மருமகளா?"

"இரண்டும், சார்."

சிரிப்பு எழுந்தது. சேவகன் சிரித்தான், கூட்டம் சிரித்தது, பெள்ளியப்பாகூட மீசையைத் தடவினார். அடங்கியதும் கேட்டார்: "அப்படியானால் இந்தப் பெண் சொன்ன சொல்லுக்கு என்ன பொருள்?"

"கணவன், சார்."

"முதல் விசாரணையில் உமக்கு இது தெரியுமா?"

"தெரியும், சார்."

பெள்ளியப்பா பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.

தேவசகாயம் எழுந்திருக்கவே இல்லை. மேஜையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் சிரித்தபோதும் அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

விடுதலை. அவள் கூண்டிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்துக் கும்பிடவில்லை. நேராக ஊர்க்காரர்களிடம் போனாள். ஒரு கிழவர் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 25, சனி

பெள்ளியப்பாவின் மெமோ வந்தது. வேண்டுமென்றே தவறாக மொழிபெயர்த்ததற்கு ஏழு நாளில் விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் கூடாது என்ற பழைய உத்தரவை இணைக்கலாமா என்று யோசித்தேன். இணைக்கவில்லை.

மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு நானே ஸ்டேஷனுக்குப் போனேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். கொண்டல்சாமி மேஜையில் கீழப்பருத்தியூர் வெகுமதிப் பட்டியல் கிடந்தது. அவர் பெயருக்கு எதிரே, தண்டனை இல்லை என்று சிவப்பு மையில்.

"வாங்க டிக்ஷனரி சார்," என்றார். டின்னை விரலால் தட்டிப் பார்த்தார். "முத்திரைகூட ஒடைக்கலையா? அப்ப எதுக்கு சார் வாங்குனீங்க?"

டின்னை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

மார்ச் 27, திங்கள்

ஹெட் கிளார்க் இடத்துக்கு ராமநாதபுரத்திலிருந்து ஒருவர் வருகிறார். இண்டர்மீடியட் ஃபெயில். எனக்கு நாலைந்து மாதம் சஸ்பென்ஷன் இருக்கலாம் என்று பேச்சு.

சாயங்காலம் தேவசகாயம் வீட்டு வாசல் வரைக்கும் வந்தான். உள்ளே கூப்பிடவில்லை. மதுரைக்குப் போகிறானாம், கண்ணாடியைக் கொடுத்தால் கால் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். "சரிவே" என்று போய்விட்டான். மெடல் விஷயத்தை நான் மறக்கவில்லை.

உலகம்மாளிடம் நான் எதையும் சொல்லவில்லை. வார்டர் மனைவி சொல்லியிருப்பாள். சோறு போட்டாள், ரசமும் ஊற்றினாள். "வேணுமா" என்றாள். மாமா என்று சேர்க்கவில்லை. பதினேழு நாள்.

இப்போது அடுப்படியில் ஏனம் கழுவுகிற சத்தம். வெளிச்சம் இன்னும் இருக்கிறது. கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத உட்காரும்போது கதவைச் சாத்துவது என் வழக்கம். இன்று சாத்தவில்லை. அடுப்படியிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாலும் இங்கே கேட்கும்.